சிறிய அறக்கட்டளை கேட்டால் அரசின் கொள்கை மாறுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய அறக்கட்டளை. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை பார்க்கும் குடும்பங்களோடும், ஏற்காட்டில் காபித் தோட்டக் கூலிக் குடும்பங்களோடும் பழக்கம் உண்டு. இதுவரை செய்தது நோட்டுப் புத்தகம், கண் சிகிச்சை முகாம், தீபாவளிக்கு மளிகை. "கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், நிலைமை அப்படியேதான் இருக்கிறது. அரசுத் திட்டங்களையே இவர்களுக்குப் பொருந்தும்படி மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? எங்களைப் போன்றவர்கள் கேட்டால் எடுபடுமா? அரசியல் செய்கிறோம் என்று பதிவில் கைவைத்துவிடுவார்களா?" என்பது கேள்வி.

கேட்கலாம். எடுபடவும் செய்யும். அதற்கு, எந்த அரசாணையில் எந்த வரி மாற வேண்டும் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஏழைக் குடும்பங்களுக்கு அரசு உதவ வேண்டும்" என்று மனு எழுதினால், "கோரிக்கை அரசின் கொள்கை முடிவுக்கு உட்பட்டது" என்று ஒரு வரிப் பதில் வரும், கோப்பு மூடப்படும். அந்தப் பதிலை எழுதுகிற பிரிவு எழுத்தரைக் குறை சொல்ல முடியாது. அவர் மேசையில் இருக்கும் ஆணையில் எதை மாற்றுவது என்று நீங்கள் சொல்லவில்லையே.

தமிழ்நாட்டில் திட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1956-ல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தது, மற்ற மாநிலங்கள் எல்லாம் வறுமைக்கோடு பார்த்து ரேஷனைப் பிரித்தபோது இங்கே எல்லோருக்கும் அட்டை என்று விடாமல் வைத்திருந்தது, 2011-லிருந்து விலையில்லா அரிசி, 2022-ல் காலை உணவு, 2023-ல் மகளிர் உரிமைத் தொகை. இவற்றை எந்தத் தொண்டு நிறுவனமும் கொண்டுவரவில்லை. தேர்தலும் கட்சிகளும் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் கொண்டுவந்தவை. ஆகவே "புதுத் திட்டம் வேண்டும்" என்று நீங்கள் போய் நிற்பது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. பெரிய திட்டங்களின் ஓரத்தில் விடுபட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தகுதி விதி, ஒரு வரையறை, ஒரு சான்றிதழ், இவற்றில் ஏதோ ஒன்று அவர்களைத் தடுக்கிறது. கோட்டையில் உட்கார்ந்து ஆணை எழுதுகிறவருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் ஒரே பலம் அதுதான், ஆனால் அது சின்ன பலமல்ல.

ஓர் உதாரணம் எடுத்துக் கடைசிவரை போய்ப் பார்ப்போம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது வைத்த தகுதிகள்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். முதல் இரண்டும் கொலுசுக் குடும்பத்துக்குப் பிரச்சினையே இல்லை. மூன்றாவதைப் பாருங்கள். பள்ளப்பட்டி மாதிரி இடங்களில் இருக்கும் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசல், உள்ளே ஐந்து போர்ஷன், ஐந்து ரேஷன் அட்டை, வீட்டுக்காரர் பெயரில் ஒரே மின் இணைப்பு. ஒரு குடும்பம் ஆண்டுக்கு 800 யூனிட் எரித்தால், அதாவது ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு மிக்சி, ஒரு டிவி என்று வைத்தால், ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து 4,000 யூனிட். மீட்டரை மட்டும் பார்க்கிற கணக்கில் ஐந்து பேருமே வசதியானவர்கள் ஆகிவிடுகிறார்கள். தனி மீட்டர் வைத்து, ஏசி போட்டு, 3,500 யூனிட் எரிக்கிற வீடு உள்ளே வந்துவிடும்.

இப்படி யாராவது நிராகரிக்கப்பட்டிருந்தால், "மின்சார நிபந்தனையை நீக்குங்கள்" என்று கேட்காதீர்கள். நிதித்துறை முதல் பார்வையிலேயே தள்ளிவிடும், ஏனென்றால் நீக்கினால் எத்தனை லட்சம் பேர் கூடுதலாக வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "ஒரே மின் இணைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்ப அட்டைதாரர்கள் வசிக்கும் நேர்வுகளில், மொத்த மின் பயன்பாட்டைக் குடும்ப அட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்கிடலாம்." அவ்வளவுதான். திட்டத்தின் நோக்கத்தைத் தொடவில்லை, வரம்பையும் தொடவில்லை. கணக்கிடும் முறையில் ஒரு விளக்கம் கேட்கிறோம். ஆணையைத் திருத்தக்கூட வேண்டியதில்லை, துறையிலிருந்து ஒரு தெளிவுரைக் கடிதம் போதும். "நேர்வு" என்கிற சொல்லைக் கவனித்தீர்களா? அவர்கள் எழுதும் தமிழில் எழுதிக் கொடுத்தால், அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ள அவர்களுக்கு வசதி.

அதோடு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றவுடன் பலர் கேள்வித்தாள் அச்சடித்து ஐந்நூறு வீடு ஏறி இறங்கி, வட்ட வரைபடம் போட்டு, வழவழ தாளில் அறிக்கை வெளியிடுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பன்னிரண்டு குடும்பத்தின் நிராகரிப்புக் குறுஞ்செய்தி, ரேஷன் அட்டை நகல், பொது மீட்டரின் கட்டண விவரம், கோட்டாட்சியருக்குப் போட்ட மேல்முறையீட்டின் ஒப்புகை, இவற்றை ஒவ்வொன்றாகப் பின் அடித்து முகப்பில் ஒரு பக்கக் குறிப்போடு கொடுத்தால் அது பேசும். "கதை வேண்டாங்க, காப்பி குடுங்க" என்று ஓர் அலுவலகத்தில் ஒரு கண்காணிப்பாளர் என்னிடம் சொன்னார். கடுமையாகத்தான் சொன்னார், ஆனால் அதைவிட நல்ல அறிவுரை எனக்குக் கிடைத்ததில்லை. மேல்முறையீட்டைச் சொன்னேன் அல்லவா, அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நிராகரிப்புச் செய்தி வந்த 30 நாட்களுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தத் திட்டத்திலேயே வழி வைத்திருந்தார்கள். இருக்கிற வழியைப் பயன்படுத்தாமல் மேலே போனால் "முதலில் அங்கே போங்கள்" என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு நியாயம் கிடைத்துவிடும்.

எண்ணிக்கை தேவைப்பட்டால் அதையும் அரசிடமிருந்தே வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சேலம் மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்று வட்டவாரியாகக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அரசு கொடுத்த எண்ணை அரசு மறுக்க முடியாது. (2005-ல் மத்தியச் சட்டம் வருவதற்கு முன்பே, 1997-ல் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சட்டம் பல்லில்லாதது என்பது வேறு விஷயம்.)

கொலுசுக் குடும்பங்களில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பட்டறையில் உருக்கி, கம்பி இழுத்து வருவது ஆண்கள் வேலை. வீட்டு வாசலில் தட்டை மடியில் வைத்து, இடுக்கியால் கண்ணி கோர்த்து, சலங்கை வைப்பது பெரும்பாலும் பெண்கள். கூலி எடைக்குக் கணக்கு. வாங்கி வருவது கணவரோ, நடுவில் இருக்கும் ஆளோ. அந்தப் பெண்ணின் பெயர் எந்தச் சிட்டையிலும் கிடையாது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா தொழிலாளர்களுக்கு நல வாரியங்கள் இருக்கின்றன. பொற்கொல்லர், தையல், கைத்தறி, விசைத்தறி, வீட்டுப் பணியாளர் என்று தனித்தனியாக. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகை, அறுபது வயதுக்கு மேல் ஓய்வூதியம். ஆனால் "இவர் இந்தத் தொழில் செய்கிறார்" என்று யாராவது சான்று தரவேண்டும். யார் தருவார்? வியாபாரி தரமாட்டார், தந்தால் தான் முதலாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று பயம். உங்கள் அறக்கட்டளை உண்மையாகவே கொள்கை வேலை செய்ய நினைத்தால் நான் இதைத்தான் கையில் எடுக்கச் சொல்வேன்: வீட்டில் இருந்து வேலை செய்யும் பெண்களுக்குத் தன்னுறுதிமொழியும் இரண்டு சக தொழிலாளர்களின் சாட்சியும் போதும் என்று பதிவு விதியில் இடம் கேட்பது. இது சேலத்துக் கொலுசுக்கு மட்டும் உதவாது. பக்கத்து நெசவு ஊரான இளம்பிள்ளையில் சேலைக்கு வேலை செய்யும் பெண்களுக்கும் பொருந்தும். அங்கிருந்தும் ஆள் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரிடம் கேட்கிறோம் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். மாநில அரசால் செய்ய முடியாததை மாநில அரசிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைவது உண்டு. மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, நம் மலைகளில் வாழும் பழங்குடியினர்) விஷயமே சாட்சி. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி. ஏற்காட்டில் இருப்பவருக்குப் பழங்குடிச் சான்று உண்டு. ஈரோடு மாவட்ட பர்கூர் மலையில் இருக்கும் உறவினருக்குக் கிடையாது. அதை மாற்ற நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும், நரிக்குறவர்களைச் சேர்த்ததும் அப்படித்தான். ஆனால் ஏற்காட்டுப் பிள்ளைக்குச் சான்று கிடைக்க ஆறு மாதம் ஆகிறது என்றால் அது சேலம் கோட்டாட்சியர் அலுவலக விவகாரம், ஆட்சியரே தீர்க்கலாம். தெருவிளக்கும் குடிநீரும் உள்ளாட்சி. ஒவ்வொரு கோரிக்கையையும் எழுதும் முன், இதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்று இருக்கிறது. பெண் சிசுக்கொலை. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கம் வெளியே வந்த விஷயம் சேலம், தருமபுரி வட்டாரத்திலும் இருப்பது தெரிந்தது. 1992-ல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிவித்தது. முதல் மாவட்டம் சேலம். வளர்க்க முடியாவிட்டால் தொட்டிலில் விட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்றது. உயிர்கள் காப்பாற்றப்பட்டன, மறுக்க முடியாது. ஆனால் கிராமங்களில் வேலை செய்த அமைப்புகள் அப்போதே ஒரு கேள்வி கேட்டன: பெண் குழந்தையை விட்டுவிடலாம் என்பதை அரசே வழக்கமாக்கலாமா, வளர்க்க முடியவில்லை என்கிற குடும்பத்துக்கு அல்லவா கை கொடுக்க வேண்டும்?

அதே ஆண்டு பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் வந்தது. குழந்தை பெயரில் வைப்புத்தொகை. நோக்கம் நல்லது. தகுதி என்ன? ஒரு பெண் குழந்தை, அல்லது இரண்டே பெண் குழந்தைகள். ஆண் குழந்தை இருக்கக்கூடாது. பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும். இப்போது யோசியுங்கள். முதல் பெண் பிறந்தால் பெரும்பாலும் வளர்ப்பார்கள். ஆபத்து அதிகம் இருந்தது இரண்டாவது, மூன்றாவது பெண்ணுக்கு. திட்டத்தின் வரம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் அந்த மூன்றாவது பெண் பிறக்கிறாள். ஏழைப் பெண் குழந்தையைக் காக்க நினைத்த ஆணையில் சிறு குடும்பக் கொள்கையும் ஏறிக்கொண்டது. இரண்டு நோக்கத்தை ஒரே தகுதி விதியில் ஏற்றினால் ஒன்று மற்றதை விழுங்கும். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அது 900-ஐத் தாண்டியது. அதற்கு இந்தத் திட்டங்கள் மட்டும் காரணம் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். ஸ்கேன் மையங்கள் மீதான கண்காணிப்பு, கிராமத்தில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த செவிலியர்கள், பெண்கள் சுயஉதவிக் குழுக்கள், எல்லாம் சேர்ந்து நடந்தது.

இதில் உங்களுக்கான பாடம், அறிவிப்பு வந்ததும் சால்வை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது. அரசாணை வெளிவந்த அன்று அதைத் தரவிறக்கி, தகுதிப் பத்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். யார் வெளியே நிற்கிறார் என்பது அங்கேதான் இருக்கும்.

சின்னக் கோரிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நாற்காலியைச் சொல்லலாம். ஜவுளிக் கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கும் பெண்களைச் சேலம் கடைவீதியில் எல்லோரும் பார்த்திருப்போம். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்கார இடம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்றது. அரசுக்குச் செலவு ஒரு பைசா இல்லை. பக்கத்து மாநில முன்மாதிரி இருந்தது. இவை இரண்டும் இருந்தால் கோப்பு நிற்காது. கடைகளில் இருக்கை வந்ததா, வந்த இருக்கையில் உட்கார விடுகிறார்களா என்பதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், பெரிய கோரிக்கை எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்குக் கட்டுமானத் தொழிலாளர்கள். உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் வந்தது, கட்டுமான நல வாரியம் 1994-ல். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். நாடு முழுமைக்குமான சட்டம் 1996-ல். அத்தனை காலமும் சங்கங்கள் விடாமல் நின்றன. உங்கள் அறக்கட்டளையின் மூன்றாண்டுத் திட்ட அறிக்கைக்குள் இது அடங்காது.

இனி கோப்பு எப்படி நகர்கிறது என்பது. பலருக்கு இது தெரியாததால்தான் அமைச்சரோடு படம் எடுத்துக்கொண்டு காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அமைச்சர் மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுப்பார். அது துறைச் செயலாளர் வழியாகத் துறைத் தலைவருக்கு, அதாவது இயக்குநருக்கோ ஆணையருக்கோ, "அறிக்கை அனுப்புக" என்று போகும். அவர் மாவட்ட அலுவலரைக் கேட்பார். மாவட்ட அலுவலர் சேலத்தில் நாட்டாண்மைக் கட்டிடத்திலோ ஆட்சியரகத்திலோ உட்கார்ந்திருக்கிறார். ஆக, சென்னை போய் நீங்கள் கொடுத்த மனு கடைசியில் சேலத்துக்கே வந்து சேரும். அங்கே அவருக்கு உங்களைத் தெரியாது, விஷயம் புதிது என்றால், "தற்போது நடைமுறையில் உள்ள விதிகளே போதுமானவை" என்று எழுதிவிடுவார். கதை முடிந்தது.

அதனால் கீழிருந்து போங்கள். முதலில் மாவட்ட அலுவலரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் இந்தச் சிக்கல் தலைவலியாகத்தான் இருக்கும், தினம் பத்துப் பேர் வந்து அவரிடம்தான் சண்டை போடுகிறார்கள். பிறகு ஆட்சியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம். துறைத் தலைவர் கோட்டைக்கு அனுப்புவதற்குப் பெயர் கருத்துரு. ஆணை பிறக்கும் விதை அதுதான். கருத்துருவில் உங்கள் வரி ஏறிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கிணறு நிதித்துறை. எத்தனை பேர், எவ்வளவு பணம், இந்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் முடியுமா என்று மூன்று கேள்வி கேட்பார்கள். பதிலை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

காலமும் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் நிதிநிலை அறிக்கை வருகிறது என்றால், துறைகள் அதற்கான வேலையைத் தீபாவளியை ஒட்டியே ஆரம்பித்துவிடும். ஜனவரியில் போய்க் கேட்டால் காலம் கடந்த கோரிக்கை. ஆனால் இன்னொரு வாசல் உண்டு. நிதிநிலை அறிக்கைக்குப் பின் மானியக் கோரிக்கை விவாதம் வரும். ஒவ்வொரு அமைச்சரும் தன் துறைக்குப் புதிய அறிவிப்புகள் படிப்பார். அதற்கு முந்தைய வாரங்களில் துறைகள், செலவு குறைவான, சொன்னால் நன்றாக இருக்கிற அறிவிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும். மின் மீட்டர் விளக்கம், பதிவுச் சான்று தளர்வு போன்றவை அந்தச் சமயத்துக்கு அருமையாகப் பொருந்தும். சட்டமன்ற மனுக்கள் குழுவும் மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குகிறது, பொதுப் பிரச்சினையாக எழுதினால் எடுத்துக்கொள்வார்கள். சேலம் மாவட்டத்தில் பதினோரு தொகுதி. எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் பதினோரு பேருக்கும் ஒரே குறிப்பைக் கொடுங்கள், ஒருவரையும் விடாதீர்கள். ஏற்காடு பழங்குடியினருக்கான தொகுதி, மாநிலத்தில் அப்படி இருப்பவை இரண்டே. அந்த உறுப்பினர் மலைப் பிரச்சினையைப் பேரவையில் கேட்பதற்குத் தனி எடை உண்டு.

ஏற்காட்டுக்கு வருவோம். மலையில் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் சமவெளியை மனதில் வைத்து எழுதிய ஒரு சொல்லில் இடறி விழுகின்றன. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021-ல் வந்தபோது, அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு என்று இருந்தது. மலையில் நகரப் பேருந்து என்ற வகையே சரியாகக் கிடையாது. 2024-25 நிதிநிலை அறிக்கையில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப் பகுதிகளுக்கு விரிவாக்குவதாக அறிவித்தார்கள். உங்கள் கிராமங்களுக்குப் போகும் தடங்கள் அந்தப் பயனில் வருகின்றனவா என்று தடம் தடமாகப் பாருங்கள். வராவிட்டால் "எங்களையும் சேர்க்கவும்" என்ற கோரிக்கைக்கு முன்மாதிரி ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

வீட்டுத் திட்டத்திலும் அப்படித்தான். கலைஞரின் கனவு இல்லம் மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது, ஆனால் பட்டா வேண்டும். தலைமுறையாக எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருப்பவருக்கு ஏது பட்டா? இது கடினமான கோரிக்கை, நிலம் சம்பந்தப்பட்டது. உங்கள் முதல் வேலையாக இதை எடுக்காதீர்கள்.

எடுக்கத் தகுந்தது குழந்தைகள் பராமரிப்பு. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில், அல்லது அவர்களுடைய குழந்தைகள் இருபது பேர் இருந்தால், குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. (இப்போது தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்துவிட்டார்கள். எந்த விதி எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஒரு வழக்கறிஞரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சின்னச் சின்னத் தோட்டங்கள் நிறைய. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் இந்தக் கணக்கே எழாது. நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் காலம். அம்மா பனியோடு கிளம்பிவிடுகிறாள், அங்கன்வாடி அதற்குப் பிறகுதான் திறக்கும். நடுவில் இருக்கும் நேரத்தில் கைக்குழந்தை காபிச் செடிக்கு அடியில் சாக்கில் கிடக்கும், அல்லது எட்டு வயது அக்கா பள்ளிக்கு மட்டம் போடுவாள். கோரிக்கை: பறிப்பு மாதங்களில் மட்டும், குறிப்பிட்ட சில மையங்களில், சோதனை முறையில், காலையில் முன்னதாகத் திறந்து மாலையில் தாமதமாக மூடுவது. "சோதனை முறையில்" என்பதை மறக்காமல் எழுதுங்கள். அதிகாரிகளுக்கு அது தைரியம் தரும் சொல், தோற்றாலும் பழி இல்லை. அதே மூச்சில், அங்கன்வாடிப் பணியாளருக்குக் கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஊதியம் என்றும் எழுதுங்கள். அது இல்லாமல் கேட்டால் ஓர் ஏழைப் பெண்ணின் சுமையை இன்னொரு ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றுகிறீர்கள். அவர்கள் சங்கம் எதிர்க்கும், எதிர்ப்பதே நியாயம்.

மலைவாசிகளைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அள்ளிக்கொண்டு வராதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, திரும்ப ஏறினால் ஒரு நாள் கூலி போச்சு. கிராமசபை எங்கே போயிற்று? ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே அந்தப் பெண்களே எழுந்து பேசி, தீர்மானமாக எழுதச் செய்து, நகல் வாங்கினால், உங்கள் அறக்கட்டளையின் லெட்டர்பேடைவிட அதற்கு மதிப்பு அதிகம். மூன்று நான்கு ஊராட்சிகளில் ஒரே தீர்மானம் வந்தால் ஆட்சியரின் பரிந்துரைக் கடிதத்துக்கு வேறென்ன வேண்டும்?

பதிவு பற்றிய பயத்துக்கு வருகிறேன். கொள்கை மாற்றம் கேட்பது குற்றமல்ல. அரசிடம் முறையிடுவது எந்தக் குடிமகனும் செய்யக்கூடியது, அறக்கட்டளையும் செய்யலாம். செய்யக்கூடாதது கட்சி வேலை: வேட்பாளருக்கு ஆதரவு, கட்சி மேடை, கட்சிக்குப் பணம். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் வாரங்களில் கூட்டம் போடாமல் சும்மா இருங்கள். தேர்தல் அறிக்கை தயாரிக்கும் குழுக்கள் சேலத்துக்கும் வந்து கருத்துக் கேட்பதுண்டு. வருகிற எல்லாக் கட்சிக்கும் ஒரே தாளைக் கொடுத்து, கொடுத்ததற்குப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் "ஏழைக் குடும்பங்களின் உரிமைகள் குறித்த ஆய்வு, விழிப்புணர்வு, பரிந்துரை" என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "கல்வி, மருத்துவ உதவி" மட்டும் இருந்தால் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை. அரசியல் தன்மை கொண்ட அமைப்பு என்று அறிவிக்கப்பட்டால் அந்தப் பணம் வாங்க முடியாது. 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், கட்சி அரசியல் நோக்கமின்றி மக்கள் பிரச்சினைக்காகக் குரல் கொடுப்பதாலேயே ஓர் அமைப்பை அப்படி முத்திரை குத்த முடியாது என்றது. தீர்ப்பு சாதகம்தான், ஆனாலும் நோட்டீஸ் வந்தால் வழக்காடும் வலு சிறிய அறக்கட்டளைக்கு இருக்காது. இந்த வேலைக்கு உள்ளூர்ப் பணம் மட்டும் போதும் என்பது என் திடமான கருத்து.

நோட்டுப் புத்தகத்தை நிறுத்திவிடலாமா என்ற தொனி உங்கள் கேள்வியில் தெரிந்தது. வேண்டாம். அந்தப் புத்தகத்தைக் கொடுக்கப் போகும்போதுதான் "எங்களுக்கு மட்டும் ஆயிரம் வரலைங்க, ஏனுங்க?" என்று யாரோ கேட்பார்கள். கேட்டதை எழுதிவைக்க ஒரு பதிவேடு போடுங்கள். பெயர், திட்டம், என்ன காரணம் சொன்னார்கள், நகல் இருக்கிறதா, அவ்வளவு போதும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் அடுத்த கோரிக்கை. பெயர், அட்டை எண் எல்லாம் அடங்கிய பதிவேடு என்பதால் அலமாரிக்குப் பூட்டு வேண்டும். அந்தக் குடும்பங்களின் சம்மதமில்லாமல் ஒரு நகல்கூட வெளியே போகக்கூடாது, படம் எடுத்துப் போடுவது அறவே கூடாது. பட்டறைக்காரர் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் வேலை இருக்காது.

வெற்றி பெற்றால் யார் பெயரில் என்று இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆணை வந்தால் ஆளுங்கட்சி தன் சாதனை என்னும், எதிர்க்கட்சி தான் கேட்டதால் வந்தது என்னும், சங்கம் தன் போராட்டம் என்னும். மூவரும் சொல்லட்டும். நீங்கள் போஸ்டர் ஒட்டினால் அடுத்த முறை அந்த அலுவலகத்தில் நாற்காலி கிடைக்காது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் பல அறக்கட்டளைகள் கைவிடுகின்றன. ஆணை படிக்கவும் மனு எழுதவும் அலுவலகம் ஏறி இறங்கவும் ஓர் ஆளுக்குப் பாதி நேரச் சம்பளம், ஜெராக்ஸ், தபால், ஆண்டுக்கு நாலைந்து தடவை சென்னைக்கு ரயில். இதற்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பெரும்பாலும் வராது. எத்தனை பேருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று படத்தோடு கேட்பார்கள், உங்களிடம் காட்ட ஒப்புகைச் சீட்டுதான் இருக்கும். ஊரில் ஓய்வு பெற்ற வருவாய்த் துறைக்காரர், தொழிலாளர் துறைக்காரர் யாராவது இருப்பார்கள், ஒருவரைப் பிடியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு கோப்பு எழுதியவர் ஒரு மாலை நேரத்தில் உங்களுக்கு எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பை, எந்த ஆலோசனை நிறுவனத்தாலும் எழுதித் தர முடியாது. பெரும்பாலும் டீ செலவோடு முடிந்துவிடும்.